நாற்காலியின் உயரம்

“ஒரே ஒரு மேட்ச். என் கை சரியாகுற வரைக்கும். நீ சுடு, நான் பேசுறேன்.”

“டீம்ல யாராவது கேட்டா?”

“எதுக்குக் கேக்கப் போறாங்க? அவங்களுக்குக் கேக்குறது என் குரல், தெரியுறது என் பேரு. மவுஸ் யாரு கையில இருக்குன்னு சுவரை உடைச்சா பாக்கப் போறாங்க?”

“அப்போ நான் யாரு?”

“நீ என் பொண்டாட்டி. வீட்டுக்குள்ள உன் பேரு என்ன, என் பேரு என்ன?”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைத்து நினைத்து நொந்துகொள்கிறாள். சிரிக்காமல் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால்கூட, அவனுக்கு ஏதாவது உறைத்திருக்கும்.

அவர்கள் காதலித்ததே இந்த விளையாட்டால்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே ஒருநாள் சாயங்காலம், எந்த மூலையில் ஒளிந்தாலும் தன்னைத் தேடி வந்து நெற்றியில் சுடுகிற ஆள் யார் என்று பார்க்க, அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வரிசை வரிசையாக நடந்து வந்தான். கடைசி சீட்டில் அலுவலகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மவுஸை வலமும் இடமுமாக அவள் இழுத்த இழுப்பைப் பார்த்து, “என்னங்க, சுடுறீங்களா, மேசையைத் துடைக்கிறீங்களா?” என்று கேட்டான். செத்துக் கிடப்பவர்கள் பேசக் கூடாது என்றாள் அவள். அடுத்த வருஷம் கல்யாணம்.

கட்டட வரைபடம் வரைகிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. காலை முதல் மாலை வரை கையில் மவுஸ். மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு அதை மட்டும் திருப்பித் திருப்பி வேலை செய்தவர்கள், கட்டுப் போட்டுக்கொண்டு லீவில் போனதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் முழங்கையிலிருந்து முன்கை முழுவதையும் நகர்த்தப் பழகிக்கொண்டாள். விளையாட வந்தபோதும் அந்தப் பழக்கமே கூட வந்தது. மவுஸின் வேகத்தை வெகுவாகக் குறைத்து வைப்பாள். திரையில் பின்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் அவள் கை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக வேண்டும். விரல்களை வளைத்து, உள்ளங்கை படாமல், ஈரமான சோப்பைப் பிடிப்பதுபோல மவுஸைப் பிடிப்பாள். இறுக்கினால் நழுவிவிடும் என்கிற பிடி.

அவன் பிடி வேறு மாதிரி. எதிரி தெரிந்ததும் மூச்சை அடக்குவான், தோள் காதுக்கு ஏறும், மவுஸ் அவன் உள்ளங்கையில் கசங்கும். மூக்கு மானிட்டரைத் தொட்டுவிடும் போலிருக்கும். கையை இளக்குங்க என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கடைசியில் கைதான் அவனுக்குச் சொன்னது. மணிக்கட்டு வீங்கி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னபோது, அவன் அப்போதுதான் ஒரு நல்ல டீமில் சேர்ந்திருந்தான். அங்கே அவனுடைய பெயர் ‘இடி’.

அந்த ஒரே ஒரு மேட்ச் முடியவே இல்லை.

அவள் நாற்காலியில் உட்காருவாள். அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மைக்கில் டீமுக்கு வழி சொல்வான். எதிரிகள் எந்தப் பக்கமாக வருவார்கள் என்று கணக்குப் போடுவதில் அவன் கெட்டிக்காரன், அதை அவள் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. ஜெயித்ததும் அவள் எழுந்துகொள்வாள். அவளுக்குக் கால் தரையில் படுவதற்காக இறக்கி வைத்த நாற்காலியை அவன் தன் உயரத்துக்கு ஏற்றி, கேமராவைப் போட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கையசைப்பான். ஸ்டூலில் அவள் உட்கார்ந்துகொள்வாள், கேமராவில் படாத தூரத்தில்.

அவன் விளையாடும்போது இவள் எதற்கு உள்ளேயே அடைந்து கிடக்கிறாள், அவனுக்குக் கவனம் சிதறாதா என்று மாமியார் அக்கம்பக்கத்தில் குறைப்பட்டுக்கொண்டாள். மகன் சுட்டதையெல்லாம் போனில் போட்டுக் காட்டி, சின்ன வயதில் அவன் பல்லியைக்கூட அடித்ததில்லை என்று பெருமையும் பட்டாள். அந்தக் காட்சிகளை மருமகளுக்கும் காட்டுவாள். “பாத்தியா என் பிள்ளைய? கை எப்படி நிதானமா இருக்கு பாரு. எல்லாம் எங்க அப்பா கை.” அவள் தலையாட்டுவாள்.

அவனிடம் கேட்க அவளுக்கு ஒரு கோரிக்கை இருந்தது. சின்னதுதான். பஸ்ஸில் போகும்போது அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். சொல்லலாம் என்று நினைத்த அன்று அவன் புது மவுஸ் வாங்கி வந்து, உன் விரலுக்குச் சரியா இருக்கான்னு பாரு என்றான். இன்னொரு நாள் மாமியாருக்குக் காய்ச்சல். அதற்கடுத்து ஒரு நாள், ஜெயித்த சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினான். அப்படிச் சுற்றும்போது எதைக் கேட்பது?

டீம் இறுதிச் சுற்றுக்குப் போனது. இறுதிச் சுற்று வீட்டிலிருந்து ஆடுவதல்ல. பெரிய அரங்கத்தில், மேடையில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து ஆட வேண்டும். செய்தி வந்த அன்றிலிருந்து அவன் மணிக்கட்டில் கறுப்புப் பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு திரிந்தான். 

டீம் ஏற்பாடு செய்த கோச் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரர் வீட்டுக்கும் போய், நாற்காலி, மேசை, மானிட்டர் எல்லாவற்றையும் அளந்துகொண்டு, மேடையிலும் அப்படியே அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. டேப்பைச் சட்டைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்ததால், மாமியார் அவரை முதலில் தச்சர் என்று நினைத்து, கட்டில் கால் ஆடுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதையும் பார்த்துவிடலாம் அம்மா என்று அவர் சிரித்தார்.

அறைக்குள் போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் மேசையில் இடித்தன. முந்தின நாள் பயிற்சி மேட்ச் முடிந்ததும் உறவுக்காரர்கள் போனில் இறுதிச் சுற்றுக்கு வாழ்த்த, அவன் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். நாற்காலியை ஏற்ற மறந்துபோனான்.

“என்ன தம்பி, முட்டி மோவாயைத் தொடுது? இந்த உயரத்துலயா இவ்வளவு நாளா ஆடுறீங்க?”

“இவதான் சார். ஆபீஸ் வேலைன்னு உக்காருவா. இறக்குனா ஏத்தி வைக்கத் தெரியாது.”

காபித் தட்டோடு வாசலில் நின்றிருந்த அவள், தட்டை இன்னும் கொஞ்சம் நேராகப் பிடித்துக்கொண்டாள்.

கோச் மவுஸ் பேடைத் தடவிப் பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பிறைபோல ஒரு பாதை தேய்ந்து பளபளத்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் லேப்டாப்பைத் திறந்து முந்தின நாள் ஆட்டத்தைப் போட்டார். இதோ பாருங்கள், மூலை திரும்புவதற்கு முன்பே துப்பாக்கியின் குறிப்புள்ளி ஆள் தலை உயரத்தில் போய்க் காத்திருக்கிறது, எதிரி தானாக வந்து அதில் தலையைக் கொடுக்கிறான் என்றார். அவசரமே இல்லை, பதற்றமே இல்லை, பேரைத்தான் இடி என்று வைத்திருக்கிறீர்கள், ஆட்டமெல்லாம் பூனை நடை என்றார். யாரும் இதுவரை அவளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவள் காபியை நீட்டக்கூட மறந்து நின்றாள்.

“எங்க, ஆடிக் காட்டுங்க.”

பயிற்சித் திரையில் பொம்மைகள் தோன்றித் தோன்றி மறைந்தன. அவன் தோள் ஏறியது. மணிக்கட்டு மேசை விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த மெதுவான மவுஸ் அவன் மணிக்கட்டுத் திருப்பலுக்கு எங்கே நகரும்? பொம்மைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சுவரெல்லாம் ஓட்டை.

“நேத்து ஆடுனவரு இன்னைக்கு லீவா?” என்றார் கோச்.

அவன் பட்டையைத் தொட்டுக் காட்டி, வலி என்றான். கோச் நாற்காலியையும் பேடையும் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் ஆடுவீங்களாம்மா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் சிரித்தான். “அவளா? பக்கத்துல உக்காந்து தூங்கி விழுவா சார்.”

கூடத்திலிருந்து மாமியாரும் சேர்ந்துகொண்டாள். “அதைச் சொல்லுங்க. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், கேக்குறதே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேசாமல் இருந்த நாட்களையெல்லாம் அவள் எப்படியோ தாங்கியிருந்தாள். வாய் திறந்து இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை.

கோச்சுக்குப் போன் வந்தது. அவர் பால்கனிக்குப் போனதும், அவன் அவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தான். கோபமா என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தித் திட்டத்தைச் சொன்னான். இருக்கிற நாட்களில் அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவள் ஆட்டம் அவன் கைக்கு வரவில்லையென்றால் மேடையேறும் முன் கை வலி என்று விலகிக்கொள்வான், எல்லோரும் பாவம் என்றுதான் சொல்வார்கள். அடுத்த சீசன் பழையபடி வீட்டிலிருந்துதானே, அவள் பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லிக்கொண்டே, அவள் திறக்க முடியாமல் வைத்திருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து, பட்டை போட்ட கையால் மூடியை ஒரே திருகில் திறந்து அவள் முன் வைத்தான்.

அவள் மூடியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

“எப்போ சரியாச்சு?”

“ரொம்ப நாளாச்சு.” அவன் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “நீ ஆபீஸ் போனப்புறம் உக்காந்து பாத்தேன். உன்னை மாதிரி வரல. ஜெயிச்சுக்கிட்டிருக்கிற டீமை நானே போய்த் தோக்கடிக்கணுமா? அந்த எடத்துல நீயா இருந்தா என்ன பண்ணுவ?”

அந்த ஒரு கணம் அவன் கம்ப்யூட்டர் சென்டரில் பார்த்த பையனாகவே இருந்தான். தோற்றுப்போய், யாரிடம் தோற்றோம் என்று பார்க்க எழுந்து வந்தவன். அவன் தலையைத் தடவிவிட அவள் கைகூட எழுந்தது. வெளியே கோச் கூப்பிட்டார்.

கோச் இப்போது நாற்காலியை ஏற்றி, அவன் முழங்கையைப் பிடித்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைத் தூக்குங்க, அது மேசைக்கு வாடகை கொடுத்தா குடியிருக்கு என்றார். மூச்சை விட்டுக்கொண்டே சுடுங்க, அடக்கினால் கை நடுங்கும். விரலை இளக்குங்க. முதுகைச் சாய்ச்சு உக்காருங்க, மானிட்டர் எங்கேயும் ஓடிப் போகாது. அவள் எத்தனையோ தடவை சொன்னதுதான் அத்தனையும். அன்றெல்லாம் அவன் சரி, சரி என்று கையை உதறினான். இன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் பணிவாக, சரி சார் என்றான்.

“உங்க கையை நீங்களே மறந்துட்டீங்க தம்பி. இதோ உங்க வீடியோ, இதைப் பாத்தே பழகுங்க.” திரையில் முந்தின நாள் ஆட்டம் மறுபடி ஓடியது. “ஆனா ஒண்ணு கேக்கணும். இந்த இழுப்பு நான் யாருகிட்டயும் பாத்ததில்ல. யாரு சொல்லிக் கொடுத்தா?”

அவன் அவளைப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். சொல்லிவிடுவான் என்றே அவள் நம்பினாள். ஆடியது அவள் என்றுகூட வேண்டாம், சொல்லிக் கொடுத்தவள் இவள் என்று சொன்னால் போதும். அதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

“யாரும் சொல்லிக் கொடுக்கல சார்,” என்றான். “தானா வந்துச்சு.”

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. உண்மை வெளியே வந்தால் டீமை இறுதிச் சுற்றிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவனை மட்டுமல்ல, அடுத்தவர் பெயரில் ஆடிய அவளையும் இனி எந்த டீமும் சேர்க்காது. மாமியாருக்கு அக்கம்பக்கத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்த நாட்களிலேயே இதையெல்லாம் அவள் யோசித்து முடித்திருந்தாள்.

அவள் குனிந்து, லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்தினாள். குறிப்புள்ளி ஒரு மூலையில், தலை உயரத்தில், அப்படியே நின்றது.

“என்னங்க,” என்றாள். “உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இதுல ஆடுறது யாருன்னு சாருக்குச் சொல்லுங்க. அத்தைக்கும் கேக்குற மாதிரி, உங்க வாயால சொல்லுங்க.”