ஊசியின் மறுபாதி

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தையல் பெட்டியை ஒழுங்குபடுத்தலாம் என்று நூலக்கா தரையில் உட்கார்ந்தபோது, ஊசி குத்திவைக்கும் பஞ்சுப்பொதியில் பாதி ஊசி ஒன்று நின்றுகொண்டிருந்தது. காது இருக்கும் பாதி. மூன்று விரற்கடை நீளத்துக்குச் சிவப்பு நூலும் அதில் தொங்கியது. முனை இருக்கும் மறுபாதியைக் காணவில்லை.

நூலக்கா என்ற பெயருக்கு இரண்டு காரணம் உண்டு. காலையில் நூலகத்தில் வேலை, மத்தியானத்துக்கு மேல் வீட்டில் ஊசியும் நூலும். எந்த நூலைச் சொல்கிறோம் என்று தெருக்காரர்கள் மெனக்கெட்டு யோசிப்பதில்லை. அவள் வீட்டில் காலண்டர் பார்க்க வேண்டியதும் இல்லை, மடியில் கிடக்கும் துணியைப் பார்த்தால் போதும். வெயில் ஏறுவதற்குள் மெல்லிய பருத்தியில் ஜன்னல் திரை தயாராகிவிடும். மழைக்கு முன்னால் பழைய துண்டுகளை நாலாக மடித்துத் தைத்த மிதியடிகள். குளிர் எட்டிப் பார்க்கும்போது கம்பளிச் சட்டைகளின் முழங்கைக்கு ஒட்டு. குளிர் இறங்கிவிட்டால் ஒட்டுப்போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்தது, நடுவில் பஞ்சு, அடியில் மெத்தென்ற துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தையல். "நான் கொஞ்சம் அசையாம உக்காந்தா என்னையும் சேத்துத் தச்சுடுவா" என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

இந்தக் குளிருக்கு அவள் தைத்தது ஒரு குழந்தைப் போர்வை. நாத்தனார் சின்னுவின் குழந்தைக்கு. அது ஞாயிற்றுக்கிழமையே கை மாறிவிட்டது.

பாதி ஊசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் வியாழக்கிழமை சாயங்காலம் நினைவுக்கு வந்தது. நாலு துண்டுகள் சந்திக்கும் மூலையில் துணி மொத்தமாகத் திரண்டிருந்தது. ஊசியை அழுத்தினாள், 'டக்' என்று உடைந்தது. அதே நொடியில் ஃபோன். "பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு வாரம் முன்னாடியே வந்துட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து கத்தினார். கையில் இருந்ததைப் பொதியில் குத்திவிட்டு, வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். மறுநாள் வேறு ஊசி எடுத்து மிச்சத்தைத் தைத்தாள். உடைந்த முனை எங்கே போனது என்ற நினைப்பே எழவில்லை.

இப்போது எழுந்தது.

பாயைத் தூக்கி உதறினாள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள். துடைப்பத்தின் ஒவ்வொரு ஈர்க்கையும் விலக்கிப் பார்த்தாள். குப்பைக்கூடையை பேப்பரில் கவிழ்த்துக் கிளறினாள். நூல் துணுக்கு, வெங்காயச் சருகு, பேனா மூடி. முனை மட்டும் இல்லை.

சாப்பிட வந்த கணவர் அவள் கோலத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் சொன்னாள். அவருக்குக் கை கழுவக்கூடத் தோன்றவில்லை.

"உடனே ஃபோன் பண்ணு."

"ஃபோன்ல எப்படிங்க சொல்றது? அவ தனியா இருப்பா. பயத்துல என்னவாவது ஆயிடுச்சுன்னா?"

"அப்போ பாப்பாவுக்கு என்னவாவது ஆனா பரவாயில்லையா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அவளுடைய தயக்கத்துக்கு வேர் வேறிடத்தில் இருந்தது. சின்னுவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். வயிற்றில் தங்கிய இரண்டும் பாதியில் போயின. இரண்டாவது போன அன்று ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நூலக்கா, "விடு சின்னு, இது போனா என்ன, அடுத்தது நிக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சின்னு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. விசேஷங்களில் பார்த்தால் 'வாங்க', 'போயிட்டு வரேன்', அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போர்வையைப் பிரித்துப் பார்த்தபோது மட்டும், "ஒவ்வொரு தையலும் எவ்வளவு பொடிசா இருக்கு அண்ணி!" என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக நூலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

கணவர் கருவிப்பையிலிருந்து நீளக் கம்பியின் நுனியில் காந்தம் பொருத்திய ஒன்றை எடுத்து நீட்டினார். லிஃப்ட் குழிக்குள் விழுந்த திருகாணிகளைத் துழாவி எடுப்பதற்கு வைத்திருப்பது. "நானும் வந்துருப்பேன். ஆனா நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மூணு பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்க, இப்பத்தான் கூப்பிட்டாங்க. நீ கெளம்பு."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே போனாள். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. அஞ்சு நாள் குழந்தை. தோல் என்ன தோல், வெங்காயச் சருகு மாதிரி. புரளத் தெரியாது, குத்தினால் நகரத் தெரியாது. அழ மட்டும்தான் தெரியும். அழுதால் பசி என்று நினைத்து அதே போர்வையில் இன்னும் இறுக்கிச் சுற்றுவார்கள். அந்த இடத்தில் நினைப்பை நிறுத்தப் பார்த்தாள், அது நிற்கவில்லை. இன்னொரு பக்கம் மனசு பொய்யும் தயாரித்துக்கொண்டிருந்தது. 'ஓரத்துல தையல் விட்டிருக்கு சின்னு, குடு, ஒரு நாள்ல தச்சுக் கொண்டாரேன்.' இப்படிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. காந்தத்தை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அந்த வாக்கியத்தை நாற்பது தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

இரண்டாம் மாடிப் படியில் கால் வைத்ததுமே அழுகைச் சத்தம் கேட்டது. கீச்சென்று, மூச்சை இழுத்து இழுத்து.

சின்னு கதவைத் திறந்தாள். தலை கலைந்து, கண் வீங்கிக் கிடந்தது. "அண்ணியா? நல்ல நேரத்துல வந்தீங்க. காலைலேருந்து ஓயவே மாட்டேங்குறா. பால் குடுத்தேன், துணி மாத்தினேன், தோள்ல போட்டேன், ஒண்ணும் கேக்கல. இவரு பேக்கரி வேலைக்குப் போயிட்டாரு. ஃபோனை எங்க வெச்சேன்னே தெரியல."

உள்ளே சின்னக் கட்டிலில் குழந்தை முகம் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது. அடியில் அந்தப் போர்வை.

நாற்பது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் இனி உதவாது. போர்வையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. குழந்தையின் உடம்பைப் பார்த்தாக வேண்டும். நூலக்கா இரண்டே எட்டில் போய்க் குழந்தையை வாரி எடுத்தாள்.

"சின்னு, போர்வையைத் தொடாத. அதுல உடைஞ்ச ஊசி இருக்கலாம். என் தப்பு. பாப்பாவோட சட்டையைக் கழட்டு, உடம்பைப் பாக்கணும்."

சின்னுவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ வடிந்துபோயிற்று. அவசரமாகச் சட்டை நாடாவை அவிழ்த்தாள். பெரிய கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து இருவரும் குழந்தையை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார்கள். அக்குள், முதுகு, தொடை மடிப்பு, விரல் இடுக்கு. பின்கழுத்தில் பருப்பளவு சிவந்த தடிப்பு ஒன்று இருந்தது. நூலக்கா குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். துளை இல்லை, ரத்தமும் இல்லை. கழற்றிய சட்டையைப் புரட்டினால், கழுத்துப் பட்டையில் கம்பெனிச் சீட்டு மொடமொடவென்று நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் காலையிலிருந்து உரசியிருக்கிறது. சட்டை இல்லாத குழந்தை நாலு விக்கல் விக்கி, அழுகையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தது.

"ஒண்ணும் குத்தல, சின்னு. சீட்டு உரசினதுதான்."

"அப்போ ஊசி?"

நூலக்கா பையிலிருந்து காந்தக் கம்பியை எடுத்தாள். போர்வையைத் தரையில் விரித்து, ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக, வயல் உழுவது போல நகர்த்திக்கொண்டு வந்தாள். மஞ்சள் துண்டு தாண்டிற்று, நீலக்கட்டம் தாண்டிற்று. இல்லாமல் போகட்டும் என்று ஒரு மனசு. இருந்து தொலையட்டும், இல்லாவிட்டால் ஆயுசு முழுக்கத் தேடவேண்டும் என்று இன்னொரு மனசு. நாலு துண்டு சேரும் மூலையில் துணி மெல்ல மேலே எழும்பியது. 'டிக்'.

சின்னு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் வரை பின்வாங்கினாள்.

கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தபோது பஞ்சுக்குள்ளிருந்து அரை விரற்கடை நீளத்தில் எஃகு பளிச்சிட்டது. முனை மேலே பார்த்திருந்தது. இன்னும் இரண்டு நாள் புரட்டி மடித்திருந்தால் வெளியே வந்திருக்கும்.

பிறகு சின்னு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அண்ணி, எனக்கு இதைவிட ஆழமா ஒண்ணு குத்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி. இது போனா என்னன்னு கேட்டீங்க. அதுவும் எனக்குக் குழந்தைதான். அதை மட்டும் நீங்க ஒரு நாளும் பேசினதே இல்ல. போர்வை தைக்கிறீங்க."

நூலக்காவுக்கு 'நல்லதுக்குத்தான் சொன்னேன்' என்பது வாய் வரை வந்தது. அதை விழுங்கினாள். "தப்புதான் சின்னு. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். சொல்ல பயமா இருந்துச்சு. இன்னிக்குக்கூட பொய் சொல்லிப் போர்வையை வாங்கிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். இவ அழுததால சொன்னேன்."

"அதையும் சொல்லிட்டீங்க" என்றாள் சின்னு. திட்டினாளா, மெச்சினாளா என்று தெரியவில்லை. "போர்வையை எடுத்துட்டுப் போங்க அண்ணி. இப்போதைக்கு அது இந்த வீட்டுல வேண்டாம்."

வீட்டுக்கு வந்து போர்வையை முழுசாகப் பிரித்துப் போட்டாள். துண்டுகளைத் துவைத்துக் காயவைத்து அடுக்கினாள், பஞ்சைக் கழித்துக் கட்டினாள். அத்தோடு பெட்டியை மூடியவள்தான். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூடக் கணவரே தைத்துக்கொண்டார், கோணல் மாணலாக. தங்கையைப் பார்க்க அவர் தனியாகப் போய் வந்தார். "என்ன சொன்னா?" என்று அவள் கேட்பாள். "பாப்பா எடை ஏறியிருக்கு" என்பார். அவ்வளவுதான் சேதி. ஜன்னலில் பழைய திரையே தொங்கியது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஏழாவது வாரம் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. சின்னுவின் பெயரைப் பார்த்ததும் குழந்தைக்கு என்னவோ என்று பதறி வெளியே ஓடினாள்.

"அண்ணி, அந்தப் போர்வைத் துண்டெல்லாம் இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இருக்கு."

"எடுத்துக்கிட்டு இங்க வாங்க. என் கண்ணு முன்னால தைங்க. ஒரே ஒரு ஊசிதான். வரும்போது எனக்குக் காட்டணும், போகும்போது காட்டணும்."

அப்படியே ஆயிற்று. மத்தியானங்களில் நூலக்கா அங்கே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முதல் நாள் ஒரு சாண் தைப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மொத்தமான மூலை வந்தால் நிறுத்தி, ஊசியை வெளிச்சத்தில் பிடித்து முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பாள். போகும்போது சின்னுவும் வாங்கிப் பார்த்து, காலியான மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைப்பாள். சில நாள் சின்னு, போன இரண்டைப் பற்றியும் பேசினாள். எந்த மாதம், என்ன பெயர் யோசித்திருந்தாள் என்று. நூலக்கா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

கடைசித் தையலை முடிச்சுப் போட்ட அன்று நல்ல வெயில். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சின்னு போர்வையின் இரண்டு பக்கமும் காந்தத்தை ஓட்டினாள், பிறகு உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவினாள், பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"இந்த வெயிலுக்குப் போர்வை எதுக்கு சின்னு? மடிச்சு வெச்சுடு, அடுத்த குளிருக்கு ஆகும்."

"இருக்கட்டும் அண்ணி" என்று சின்னு தூங்குகிற குழந்தையின் பாதத்தை மட்டும் மூடினாள். குழந்தை ஒரே உதையில் அதைத் தள்ளிவிட்டது.