பீப்பாய் அடிக்காத எழுபது நிமிடம்

பட்டியலில் எட்டாவதாக வந்து, கடைசிப் படியைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாக்-அவுட் சுற்றுக்குள் நுழைந்த அணி அது. எதிரில் நிற்கப்போவதோ பருவம் முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்று முதலாவதாக வந்த அணி. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பெரிய மைதானத்தில். இதில் தோற்றால் பயிற்சியாளரை அனுப்பிவிடுவது என்று கிளப் கமிட்டி முடிவு செய்துவிட்டது. கமிட்டி அறைக்குள் எடுத்த அந்த முடிவு மறுநாள் காலைக்குள் பேருந்துப் பணிமனையின் கழிவறைச் சுவர்வரை எட்டிவிட்டது.

பணிமனையில் தகட்டு நசுங்கலை எடுக்கிற டிங்கர் வேலை பார்ப்பவருக்கு அது வெறும் ஆட்டச் செய்தி இல்லை. காரணம், அந்தப் பயிற்சியாளர் அவருடைய ஒரே தங்கையின் புருஷன். கிளப் கொடுத்த வீட்டில், அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தங்கை குடியிருந்தாள். வேலை போனால் வீடு போகும். வேறு ஊர் கிளப்பில்தான் வேலை தேட வேண்டும். அப்பா அம்மா போனபிறகு அவருக்கென்று மிச்சமிருந்த சொந்தம் அவள் ஒருத்திதான். தினமும் வேலை முடிந்து போகிற வழியில் வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். தாகம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம்.

இந்த டிங்கருக்குப் பணிமனைக்கு வெளியே இன்னொரு பதவியும் உண்டு. ரசிகர் கூட்டத்தின் தலைமை அடிகாரர். பழைய டீசல் பீப்பாயைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, டியூப் ரப்பர் சுற்றிய கட்டையால் அவர் அடிக்க ஆரம்பித்தால், பின்னால் பன்னிரண்டு பீப்பாய்கள் சேர்ந்துகொள்ளும். பதினொரு வருடமாக அவர் அடிக்காமல் அந்த அணி ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் அவரே சொல்வார்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், பின்கண்ணாடி கழற்றிய ஒரு பேருந்தின் நிழலில் வழக்கமான சபை கூடியது. பெயின்டருக்குப் புள்ளிவிவரம் என்று பட்டப்பெயர். எந்த ஆட்டத்தில் எத்தனை கார்னர் என்று கேட்டால் தூரிகையைக் கீழே வைக்காமலே சொல்லிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏழாவது அணி இரண்டாவது அணியைக் கவிழ்த்ததே, அது கோல்கீப்பர் ஒருத்தனால் வந்தது என்று அவர் ஆரம்பித்தார். ஸ்டோர் கீப்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு ரசிகர்கள் மழையில் நனைந்துகொண்டே கத்தினார்கள், அந்தச் சத்தத்தில்தான் பெரிய அணியின் கால் பின்னியது என்றார். பெயின்டர் அதற்கு மொமென்டம், அதாவது உந்துவேகம், என்று பெயர் இருக்கிறது, ஆனால் அது கால்பந்தில் கிடையாது, அளந்து காட்ட முடியாத எதையும் தாம் நம்புவதில்லை என்றார்.

"உன் பொண்டாட்டி கோபத்தை அளந்து பாத்தியா? அப்ப நம்பாம இருந்து பாரேன்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

சிரிப்பு அடங்குவதற்குள் பேச்சு பயிற்சியாளர் பக்கம் திரும்பிவிட்டது. போன ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கும்போது எதற்காகத் தடுப்பாட்டக்காரனை வெளியே எடுத்தார்? கேப்டனை ஏன் நடுவில் போட்டு வீணாக்குகிறார்? கேள்விகளை டிங்கரைப் பார்த்தே கேட்டார்கள். மாப்பிள்ளை செய்வதற்கெல்லாம் மைத்துனன் பதில் சொல்ல வேண்டும் என்பது பணிமனையின் எழுதாத சட்டம். அவர் எப்போதும்போல் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அன்று மூன்றரை மணிக்கு மாப்பிள்ளையே பணிமனைக்கு வந்து நின்றார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பேருந்தின் அடியிலிருந்து டிங்கர் வெளியே வரும்வரை காத்திருந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். கடைசி ஒன்பது ஆட்டங்களில் இவர்கள் முதலில் கோல் போட்டது ஆறு முறை. அந்த ஆறிலும் ஏழு நிமிடத்துக்குள் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு எழுதியிருந்தது.

"கோல் விழுந்ததும் நீங்க அடிய வேகமா ஏத்துறீங்க மச்சான். பசங்க என் பேச்சுக்கு ஓடல, உங்க அடிக்கு ஓடறாங்க. ஓடற ஓட்டத்துல இடத்த விட்டுடறாங்க."

டிங்கர் கையைத் துணியில் துடைத்தார். அழுக்கு போனபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழம எழுபதாவது நிமிஷம் வரைக்கும் ஒரு அடி வேண்டாம். அப்ப கேப்டன வெளிய எடுப்பேன். அதுதான் அடையாளம். அதுக்கப்புறம் உங்க இஷ்டத்துக்கு அடிங்க. அவங்க களைச்சிருப்பாங்க, நம்ம பசங்களுக்குப் புதுசா ஒரு மூச்சு வரும்."

"கோல் விழுந்துட்டா?"

"விழட்டும் மச்சான், அப்புறம் பேசிக்கலாம்." சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

டிங்கர் மறுபடி பேருந்தின் அடியில் நுழைந்துகொண்டார். ஆனால் உள்ளுக்குள் கொதித்தார். பதினொரு வருடம் தொண்டையும் தோள்பட்டையும் தேய அணியைத் தூக்கி நிறுத்தியவனைப் பார்த்து, தோல்விக்கே நீதான் காரணம் என்று கணக்கு எழுதிக்கொண்டு வருவதா? அன்று தங்கை வீட்டு வாசலில் அவர் நிற்கவில்லை.

மறுநாள் காலை, அதே கொதிப்போடு ஒரு பேருந்தின் முன்பக்கத் தகட்டில் நசுங்கலை எடுக்க உட்கார்ந்தார். உள்ளே இரும்புக்கட்டை கொடுத்து, வெளியே சுத்தியலால் ஒன்று தட்டி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ஒன்று தட்ட வேண்டிய வேலை அது. அவசரப்பட்டால் தகடு விரிந்து தளர்ந்துவிடும், பிறகு என்ன தட்டினாலும் நிமிராது. அதனால்தான் பக்கத்து வண்டியில் தகடுகளை ஆணி அடித்து இணைக்கிற ரிவெட் துப்பாக்கி ஓடும்போது டிங்கர் கை வைக்கக் கூடாது என்பது பணிமனையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். காதில் விழுகிற தாளத்துக்குக் கை தானாகப் போய்விடும். இருபத்திரண்டு வருட அனுபவக்காரருக்கு அன்று அது மறந்துபோனது. பக்கத்து வண்டியில் துப்பாக்கி படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துத் தடவிப் பார்த்தால் தகடு வயிறு தள்ளி நின்றது. விரலால் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய், 'டப்' என்று வெளியே வந்தது.

ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, உங்களுக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். அந்தத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக வேறொன்று மண்டைக்குள் இறங்கியது. இருபத்திரண்டு வருடம் பழகிய கையே பக்கத்துத் தாளத்துக்கு இழுபடுகிறது என்றால், இருபது வயதுப் பையன்களின் கால்கள் எந்த மூலைக்கு?

மதியம் சபையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். நடந்ததை மறைக்காமல், கெட்டுப்போன தகட்டையும் கூட்டிப்போய்க் காட்டினார். பெயின்டர் மாப்பிள்ளையின் கணக்கைக் கேட்டு மனதுக்குள் சரிபார்த்து, ஆறும் சரி என்றார். ஸ்டோர் கீப்பர் மசியவில்லை. தங்கச்சி புருஷன் தலையைக் காப்பாற்ற ரசிகர்களின் வாயில் துணி அடைப்பதா, சத்தம் இல்லாமல் மைதானத்தில் உட்கார என்ன நூலகமா என்று கேட்டார்.

"தலையக் காப்பாத்தத்தான்," என்றார் டிங்கர். "ஒத்துக்கறேன். அவ ஊர விட்டுப் போறத என்னால பாக்க முடியாது. ஆனா தகடு எனக்காகப் பொய் சொல்லல. தோத்தா அவரத் திட்டாதீங்க, என்னத் திட்டுங்க."

பதினொரு வருடத்தில் அவர் சபையில் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டோர் கீப்பர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று பீப்பாய்களும் வந்தன. ஆட்டம் தொடங்கியது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. எதிர்ப்பக்க ரசிகர்களுக்கு முதலில் குழப்பம், பிறகு கொண்டாட்டம். எட்டாவது அணி இப்போதே மௌன அஞ்சலி செலுத்துகிறது என்று ஒருவன் கத்த, அந்தப் பக்கம் முழுக்க எழுந்து நின்று தலைகுனிந்து காட்டியது. டிங்கர் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேடையின் மூன்றாவது வரிசையில் தங்கை தெரிந்தாள். அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

முதலாவது அணி அலை அலையாக வந்தது. ஆனால் வந்த ஒவ்வொரு அலைக்கும் முன்னால் ஆட்கள் தங்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள். பந்து கிடைத்தால் முட்டி மோதி ஓடாமல், நிறுத்தி, பார்த்து, பின்னால் தட்டினார்கள். மாப்பிள்ளை கோட்டோரம் நின்று சாதாரணக் குரலில் சொன்னது அவர்களுக்குக் கேட்டது. இடைவேளையில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நான்கு மாதத்தில் முதல் பாதியில் கோல் வாங்காத முதல் ஆட்டம் இது என்று பெயின்டர் அறிவித்தார். ஸ்டோர் கீப்பர் நகத்தைக் கடித்தார்.

எழுபதாவது நிமிடத்தில் கேப்டனின் எண் பலகையில் ஏறியது. உள்ளே வந்தவன் பென்சில் என்று எல்லாரும் கேலி செய்கிற ஒல்லிப் பையன். விஷயம் தெரிந்தவர்கள் பீப்பாய்க்காரர்கள் மட்டும்தான். மேடையின் மற்ற ஆயிரம் பேருக்கும் ரத்தம் கொதித்தது. கேப்டனையா எடுப்பது, கோச்சை எடு என்று ஊளையும் வசவும் ஒன்றாகக் கிளம்பின. தங்கையைக் கேலி செய்கிற வார்த்தைகூட ஒன்று வந்தது.

டிங்கர் எழுந்தார். முதல் அடி விழுந்தது. வசவு சற்றுத் தடுமாறியது. இரண்டாவது, மூன்றாவது. பின்னால் பன்னிரண்டு பீப்பாய்கள் ஒரே நேரத்தில் இறங்கியபோது சிமென்ட் படிக்கட்டே அதிர்ந்தது. எழுபது நிமிடம் அடக்கிவைத்திருந்த கை அல்லவா. ஊளை போட்ட வாய்களே தாளத்துக்குக் கத்த ஆரம்பித்தன. மைதானத்தில் பென்சிலுக்குக் கால் முளைத்தது. எதிரணியின் களைத்துப்போன பின்வரிசைக்காரன் அவனைத் துரத்துவதற்குள் மூச்சு வாங்கினான். எண்பத்திரண்டாவது நிமிடத்தில் பென்சில் ஓரத்திலிருந்து தாழ்வாக ஒரு பந்தை வெட்டி அனுப்ப, நடுவில் பாய்ந்து வந்தவன் காலை நீட்ட, வலை குலுங்கியது.

அந்த மேடையில் அப்போது யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பெயின்டர் முன்பின் தெரியாத ஒருவரின் தலையில் முத்தமிட்டார். எல்லாக் கைகளும் பீப்பாயை நோக்கி நீண்டன. ஸ்டோர் கீப்பர் டிங்கரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"அடிய்யா. இப்ப அடிக்காம எப்ப அடிக்கப் போற?"

டிங்கரின் கட்டை தலைக்கு மேலே போயிருந்தது. வாழ்நாளில் அந்தக் கை அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கீழே பார்த்தார். பையன்கள் இருவர் ஏற்கெனவே இடத்தை விட்டு முன்னால் ஓடத் தயாராக, மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடிக்காகக் காத்திருந்தார்கள்.

கட்டையைக் கீழே போட்டார். பீப்பாயை நிமிர்த்தி நிறுத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பின்னால் திரும்பி இரண்டு கையையும் தாழ்த்திக் காட்டினார். பன்னிரண்டு பீப்பாய்களும் அடங்கின.

அந்த இரண்டு பையன்களும் ஒரு நொடி திகைத்து நின்றார்கள். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்கள். அவர் கையைக் காட்ட, தங்கள் இடத்துக்குத் திரும்பி நடந்தார்கள்.

அடுத்த ஏழு நிமிடமும் அவர் அந்தப் பீப்பாய்மேல் உட்கார்ந்தே கடத்தினார். பெயின்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமாக அவர் காதில் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழு முடிந்தது. கோல் இல்லை. கூடுதல் நேரம் நான்கு நிமிடம். கடைசியில் ஒரு தலை முட்டிய பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே பறந்தபோது ஸ்டோர் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். விசில் ஊதியபோதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஜெயிச்சாச்சு என்று நான்கு பேர் சொன்னபிறகே திறந்தார்.

அதற்குப் பிறகு அடித்தார்கள். எட்டாவது அணி முதலாவது அணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று அந்தப் பகுதியில் எவனுக்காவது தெரியாமல் இருந்திருந்தால் அவன் ஊரில் இல்லை என்று அர்த்தம். கமிட்டித் தலைவர் மைதானத்துக்குள் இறங்கி மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். வேறு பயிற்சியாளரைப் பற்றி யோசித்ததே இல்லை என்பதுபோல் சிரித்தார்.

பீப்பாய்களைத் தெருவில் உருட்டிக்கொண்டு திரும்பினார்கள். சபை நடந்துகொண்டே கூடியது. அடுத்த சுற்றில் நான்காவது அணி. அதற்கு எத்தனை நிமிடம் சும்மா இருக்க வேண்டும் என்று இப்போது கணக்குப் போட்டவர் ஸ்டோர் கீப்பர். அறுபத்தைந்து போதும் என்றார் அவர், எண்பது வேண்டும் என்றார் பெயின்டர். கேப்டனை எடுத்தது சரியா, தப்பா என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வழிமுழுக்கச் சண்டை போட்டார்கள்.

திருப்பத்தில் தங்கை காத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கையிலிருந்த கட்டையை வாங்கி, பீப்பாயை ஓங்கி அடிக்க ஆரம்பித்தாள். தாளமும் இல்லை, ஒழுங்கும் இல்லை.

"தங்கச்சி, அடி தப்புது," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"அவ இஷ்டத்துக்கு அடிக்கட்டும் விடுய்யா," என்றார் டிங்கர். "இங்க யாரும் ஆடல."