தலைகீழாய் நின்ற தூண்

ஏரியின் குளிர்மூச்சு கனடாவின் ஸ்காபரோ நகர்க் கூரைகள்மீது தவழ, ஐந்து மணிக்கே கதிரவன் அடங்கிவிடும் தைத்திங்கள் மாலையில், வோபர்ன் பகுதித் தெருவொன்றில், ஒரு வீட்டின் பின்வளவில் நின்ற அம்மரமனையை நீர் கண்டிருந்தால், கற்றறிந்தவரே, கண்ணூறு படுமே என்று அஞ்சியிருப்பீர். வேனில் வெயிலை மறித்துப் பனிக்கால வெயிலை உள்ளே அழைக்கும் யப்பானியத் தாழ்வாரம். இந்நாட்டுக் களஞ்சியங்களைப் போல் பனி வழுக்கி வீழும் செங்குத்துக் கூரை. ஆணியொன்றும் அறையாது மரத்தோடு மரம் கோத்த பொருத்து. எல்லாவற்றையும் நடுவே தாங்கிநின்றது ஒரு மேப்பிள் தூண்.

வகுத்தவள் அனோஜா என்னும் கட்டடக் கலைஞர். கட்டுவித்தவர் மகேஸ்வரன், மனைவி தவமணியை இழந்தபின் பெருவீட்டில் உறக்கம் கொள்ளாது, வளவிலே ஒரு சிறுமனை வேண்டியவர். வெயில் புகவேண்டி வளவின் மேப்பிளை வெட்டச் சொன்னாள் அனோஜா. தவமணி நட்ட மரமென்று மன்றாடிய அவர், அதுவே நடுத்தூணாக நிற்குமென்றால் மட்டும் இசைந்தார்.

அங்கேதான் பிழை புகுந்தது. வேர்ப்புறம் கீழிருக்கவே தூணை நாட்டவேண்டும், தலைகீழாய் நாட்டிய தூண் மனைக்குள் நின்று அழும் என்பர் யப்பானியத் தச்சர். நம் தச்சரும் அதையே சொல்வர். அனோஜா அறியாதவளா! ஆயினும் விட்டங்கள் நான்கும் வந்து அமரப் பருத்த வேர்முனை மேலே வேண்டுமெனக் கணக்குக் காட்டிற்று. மரத்துக்குத் தலையேது காலேது என்று நகைத்து நாட்டுவித்தாள்.

தை பிறந்ததும் மகேஸ்வரன் அழைத்தார். "பிள்ளை, பொழுதுபடேக்கை தூணுக்குள்ளை தட்டிக் கேட்குது. ஒருக்கா வந்து கேளும்."

சென்று காதை வைத்தாள். கதிர் அடங்கியதும் மரத்தின் உள்ளிருந்து, விரல்முட்டியால் தட்டினாற்போல் மூன்று ஒலிகள் எழுந்தன. சற்றுப் பொறுத்து மீண்டும் மூன்று. குளிரில் மரம் சுருங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். சுருங்கும் மரம் எண்ணியெண்ணியா ஒலிக்கும்? அனோஜாவுக்கு மயிர் சிலிர்த்தது. தன் செருக்கால் ஒரு பெரியவரின் உறக்கம் கெட்டதே என்று நெஞ்சும் சுட்டது.

"பயப்பிடாதேங்கோ அங்கிள். நான் சரிப்படுத்துறன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

அவர் மகனைக் காண மொன்றியல் சென்றிருந்த இரு நாள்களில், விட்டங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஆப்புகளைக் கழற்றி, தூணைத் திருப்பி நாட்டுவித்தாள். அவர் மீண்ட மாலை இருவரும் அங்கே அமர்ந்திருந்தனர். கதிர் அடங்கிற்று. ஒலி எழவில்லை.

"தூணைத் திருப்பிப் போட்டன் அங்கிள். இனி நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ."

மகேஸ்வரன் எழுந்துபோய்த் தூணில் கைவைத்தார்.

"கடைசி ஆறு மாசமும் தவமணிக்குக் குரல் இல்லைப் பிள்ளை. தண்ணி வேணுமெண்டால் கட்டில் சட்டத்திலை மூண்டு தரம் தட்டுவாள். அவள் போன அண்டைக்கு நான் அயர்ந்துபோனன், கேட்கேல்லை. இஞ்சை தட்டத் தொடங்கின நாள்முதல் ஒரு கிளாசிலை தண்ணி வைச்சிட்டு நிம்மதியா நித்திரை கொண்டனான். விடிய வெறுங் கிளாஸ்தான் இருக்கும். வேறை ஆருக்கும் கேட்குதோ எண்டு அறியத்தான் உம்மைக் கூப்பிட்டனான்."

அனோஜா எழுந்து அவரருகே வந்தாள். "திரும்பவும் மாத்தட்டோ அங்கிள்?"

"வேண்டாம் பிள்ளை. அவளை இன்னொருக்கா உலைக்கக் கூடாது."

பிறர் துயரைத் தீர்க்கப் புகுமுன் அது துயர்தானா என்று ஒரு சொல் கேளும், கற்றறிந்தவரே. அவள் கேட்கவில்லை. அன்றுமுதல் அம்மனையில் ஒலி இல்லை. அவர் உறங்குவதும் இல்லை.