முப்பத்தேழு தலைவர்களும் ஒரு தண்ணீர் டாங்கியும்

எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே, மேகத்துக்குக் கொஞ்சம் கீழே. போன வருட மழையில் மண் சரிந்து வீடிழந்த பதினெட்டுக் குடும்பங்கள், கொழுந்து பறிக்கிற தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் குடியேறின. ஓர் உதவி நிறுவனம் கீழே ரோட்டோரத்தில் கறுப்பு டாங்கி ஒன்றை வைத்து, ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கிக் கொடுத்தது. கொத்மலை நீர்த்தேக்கமே எட்டிப் பார்த்துப் பொறாமைப்படும் டாங்கி. அது வருமுன், பிள்ளைக்காம்பராவைக் கூட்டிப் பெருக்கும் நாகலெட்சுமி நானூறு படி ஏறி ஊற்றுத் தண்ணீர் சுமந்தாள்; வந்த பிறகும் எண்பது படி சுமந்தாள். அவள் முழங்கால் போடும் சத்தம், நான் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற கொட்டகலை ஸ்டேசன் வரை கேட்கும். ரயில் வருகிறதென்று அங்கே கேட்டை மூடிவிடுவார்கள்.

இந்த நிலையில் நிறுவனத்தின் கடிதம் வந்தது. அவசர காலம் முடிந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை லொறி வந்து டாங்கியை எடுத்துப் போகுமாம்.

புதன்கிழமை வந்து இறங்கியது ஆய்வுக் குழு. மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடிச் செய்கிற ஆய்வு; ‘மனிதாபிமான உதவியில் தலைமைத்துவமும் மாற்றமும்’. மூன்று பேராசிரியர்களையும் மேய்த்துக்கொண்டு வந்த ஜெயந்தினி, “மண் சரிஞ்ச அன்னைக்கு உங்களை வழிநடத்தின தலைவரைப் பார்க்கணும்” என்றார்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் முப்பத்தேழு தலைவர்கள் நின்றார்கள். ஐந்து தொழிற்சங்கத்துக்கும் ஐந்து தலைவர், அவர்களுடைய உபதலைவர்கள், மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கிரிக்கெட் அணி. போன வருடம் பதவி போனவர்களும் அழைப்பு தங்களுக்குத்தான் என்று சட்டை மாற்றி வந்திருந்தார்கள்.

“தலைவர் பின்னால போறவங்க எங்க?” என்றார் ஜெயந்தினி.

“அப்படி யாரும் இல்லீங்க மிஸ்,” என்றார் கோயில் தலைவர் வீரய்யா. “நாங்க எல்லாருமே முன்னாலதான் போவோம்.”

பேராசிரியர்கள் திகைத்தார்கள். பின்பற்ற ஆளில்லாவிட்டால் அவர் தலைவரா? ஒருவர் ஆம் என்றார், ஒருவர் இல்லை என்றார், மூன்றாமவர் தேநீர் கேட்டார். சண்டை மத்தியானம் வரை நீண்டது.

தோட்டத்தில் பதவியே இல்லாத ஒரே ஆள் நாகலெட்சுமிதான். மண் சரிந்த இரவில் தட்டை அடித்து எல்லாரையும் எழுப்பி வெளியே இழுத்தவள் அவள். அதை யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

“இந்த ஆராய்ச்சி முடிஞ்சா டாங்கி இருக்குமா மிஸ்?” என்று ஜெயந்தினியிடம் கேட்டாள்.

“அறிக்கை வர ரெண்டு வருஷம் ஆகும் அக்கா.”

“லொறி நாளைக்கில்ல வருது!”

அவள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். “பின்னால போக ஒரு ஆளு வேணும், அவ்வளவுதானே? நான் போறேன். யாரு இந்த டாங்கிய மேல தூக்கிட்டுப் போறாங்களோ, அவங்க பின்னால போறேன்.”

கிடைத்த ஒரே ஆளை விட்டுவிடுவார்களா? தண்ணீரைத் திறந்துவிட்டு, பத்துப் பேர் டாங்கியைத் தூக்கினார்கள். இருபத்தேழு பேர் தூக்குகிறவர்களுக்குத் தலைமை வகித்தார்கள். பேராசிரியர்களும் தோள் கொடுத்தார்கள்.

“வீரய்யா அண்ணே, வலது பக்கம்! தொர, குனிங்க! நேரா பாத்துப் போங்க, நான் பின்னாலதான் வர்றேன்!”

எண்பது படி. டாங்கி பிள்ளைக்காம்பராவின் வாசலில் உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள், ஊற்றிலிருந்து ரோட்டுக்குப் போன குழாயும் அங்கே வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை லொறி ஓட்டி வந்த நிறுவனத்து ரிஸ்வி படியை அண்ணாந்து பார்த்தார், மூச்சிரைக்க ஏறி வந்தார். “சரி, எறக்கிக் குடுங்க. இந்தப் பேப்பர்ல தலைவர் ஒருத்தர் சைன் வெச்சாப் போதும்.”

முப்பத்தேழு பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

“தலைவரா?” என்றார் வீரய்யா. “நான் கோயில்ல வெளக்கு ஏத்துறவன். சும்மா இவரு பின்னால வந்தேன்.”

“நான் அவரு பின்னாலங்க.”

“ஐயோ, நான் இந்தம்மா பின்னால.”

அந்த வரிசை பிள்ளைக்காம்பராவை இரண்டு சுற்றுச் சுற்றி நாகலெட்சுமியிடம் வந்து நின்றது.

“நான் எல்லாருக்கும் பின்னால, ரிஸ்வி நானா. மிஸ்ஸ கேளுங்க, எழுதியே வச்சிருக்காங்க.”

“அப்ப யாருதான் முன்னால?”

அவள் டாங்கியில் ஒரு கோப்பை தண்ணீர் பிடித்து நீட்டினாள். ரிஸ்வி குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கியும் குடித்தார், பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெறும் லொறியை இறக்கத்தில் விட்டார்.

ஜெயந்தினி நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: ‘தலைவர்: யாருமில்லை. மாற்றம்: எண்பது படி.’ பேராசிரியர்கள் மறுபடியும் சண்டையைத் தொடங்கினார்கள்.

இப்போதெல்லாம் கொட்டகலையில் ரயில் வந்தால் மட்டும்தான் கேட்டை மூடுகிறார்கள்.