சுவரில் இல்லாத சட்டைத் துண்டு

சரளைக்கல் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில், கிடந்த மரம் ஒன்றின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, ரொசேர் மறுபடியும் கைக்குட்டையை எடுத்து, அதன் மேல் பொருத்திய ஸ்கோப்பின், குறிபார்க்கும் தொலைநோக்கியின், கண்ணாடியைத் துடைத்தார்.

"தேய்ச்சே ஓட்டை போட்டுருவீங்க போல அத்தான்," என்றான் லூசியன். அவர் மனைவி இவெட்டின் தம்பி. துப்பாக்கியும் ஸ்கோப்பும் அவனுடையவை. "அழுக்கு அதுல இல்ல. முப்பது வருஷமா என்னைக் கிண்டல் பண்ணின வாயில இருக்கு."

உண்மைதான். நவம்பர் வேட்டைக் குடிசையில் அந்தச் சண்டை அவரைக்கொட்டையோடு சேர்ந்து வேகும் இன்னொரு பண்டம். ஸ்கோப் வழியாகக் காட்டைப் பார்ப்பது சாவித் துவாரத்தில் பெண் பார்ப்பது மாதிரி என்பார் ரொசேர். பனி விழுந்தால் குருடு, கிளையில் இடித்தால் கோணல். இரும்புக் குறிக்கு என்ன குறைச்சல்? பின்னால் ஒரு வெட்டு, குழல் நுனியில் ஒரு மணி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். மானும் தெரியும், மானுக்குப் பின்னால் வருகிற மனிதனும் தெரியும்.

போன வருடம் அந்த மணி கரைந்துபோனது. வெட்டு தெரிந்தது, பெண்மான் நிற்பது ஓரளவு தெரிந்தது, மணியைத்தான் காணோம். கை பழகிய தைரியத்தில் சுட்டுவிட்டார். மான் முதுகை வளைத்துக்கொண்டு சதுப்புக்குள் ஓடியது. வயிற்றில் பட்டிருந்தது. இருட்டும்வரை கறுத்த ரத்தத்தின் பின்னாலேயே வேட்டைக்கு வந்த மூன்று பேரும் அலைந்தார்கள். கிடைக்கவில்லை. எங்கோ ஒரு தேவதாரு அடியில் அது விடிய விடியக் கிடந்து செத்திருக்கும். வயசானால் கிட்டத்தில் இருப்பது மங்கும், இரும்புக் குறி இனி ஒத்துவராது என்று அவரே சொன்னார். இந்த வருடம் மச்சானிடம் வாய்விட்டு ஸ்கோப் கேட்டார். கேட்ட அன்று இவெட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

இப்போது கண்ணாடிக்குள் எல்லாம் பக்கத்தில் வந்து நின்றது. குறியாக வைத்த காகிதத் தட்டின் விளிம்பு, பின்னாலிருந்த மரத்தின் பட்டை, பட்டையில் ஒட்டிய பனி. நடுவில் மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்தது போலச் சாம்பல். குறுக்குக் கோடுகள் நான்கு பக்கமிருந்தும் ஓடிவந்து, சந்திக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போயின.

"நீ ஒரு தடவை பாரு."

லூசியன் குனிந்து பார்த்தான். "பளிங்கு மாதிரி இருக்கு. தட்டுல ஈ உக்காந்தா ஆணா பொண்ணான்னு சொல்லிரலாம்."

ரொசேர் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் இரும்பின் மேல் போட்ட பழியைப் போட இனி ஆள் இல்லை. பார்வையைச் சற்று ஒதுக்கி, கோடுகள் போகும் திசையை அனுமானித்துச் சுட்டார். தட்டின் ஓரத்தில் ஓட்டை விழுந்தது.

"ஞானம் வர எழுபது வயசாகுது சிலருக்கு," என்று லூசியன் அவர் தோளில் தட்டினான்.

கண்ணில்தான் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் துப்பாக்கியோடு நிற்காது, அடுத்து வண்டிச் சாவியைக் கேட்பார்கள். இடுப்பு எலும்பு உடைந்தபின் இவெட் வண்டி ஓட்டுவதில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது. பிள்ளைகள் தெற்கே எங்கோ இருக்கிறார்கள். ஆற்றங்கரை வீட்டை விற்றுவிட்டு, நகரத்தில் மருந்து வாசனை அடிக்கும் ஒரு கட்டிடத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

மறுநாள் மதியத்துக்குமேல் மான் வந்தது. ஆண். அவர் அதை ஓரக்கண்ணில் பார்த்தார், கொம்பைக்கூடப் பார்த்தார். மரத்தில் கட்டிய பலகையில் உட்கார்ந்தபடி ஸ்கோப்பை உயர்த்தினார். நாலு கால் தெரிந்தது, வால் தெரிந்தது, தோள் இருக்க வேண்டிய இடத்தைச் சாம்பல் தின்றிருந்தது. குழலை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். சாம்பலும் கூடவே நகர்ந்தது. அந்தச் சாம்பலுக்குள் மானின் நெஞ்சு இருக்கலாம், வயிறு இருக்கலாம், அதற்கும் அப்பால் ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரன் எவனாவது இருக்கலாம். மான் அவசரமே படவில்லை. சுடாமல் விட்டால், பனியில் பதிந்த தடத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பார்கள். ரொசேர் குழலைத் தாழ்த்தி, தன் காலடி மரத்தின் வேர்ப்பக்கம் மண்ணைப் பார்த்துச் சுட்டார்.

"தப்பிருச்சு," என்றார், மற்ற இருவரும் ஓடி வந்தபோது. லூசியன் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கப் போனான். வேட்டு கேட்டால் யாராவது ஒருவர் தடம் பார்க்காமல் விடுவதில்லை. மற்ற இருவரும் குடிசைக்குத் திரும்பினார்கள்.

மூன்றாமவரான சமையல்கார ஆத்ரியன் அடுப்படியிலிருந்து கத்தரிக்கோலோடு வந்தார். குறி தப்பியவனின் சட்டையைப் பின்பக்கம் கத்தரித்துச் சுவரில் அறைவது குடிசையின் வழக்கம். மற்ற எல்லார் துண்டும் அங்கே இருந்தது, லூசியனுடையது மட்டும் ஐந்து. ரொசேருடையது ஒன்றுகூட இல்லை.

"உனக்காகக் காத்திருந்தே இது துருப்பிடிச்சுப் போச்சு," என்றார் ஆத்ரியன். "திரும்புய்யா. சட்டை உன்னோடதுதானே, இல்ல பொண்டாட்டி வாங்கிக் குடுத்ததா?"

"அவதான் வாங்கினா."

"அப்ப இன்னும் கொஞ்சம் சேத்தே வெட்டுறேன்."

ரொசேர் சிரித்தார். தப்பியவன் எப்படிச் சிரிப்பான் என்று பல நவம்பர்களாகப் பார்த்திருக்கிறார். முதுகுக்குக் கீழே குளிர் ஏறியது.

கதவு திறந்து லூசியன் வந்தான். பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான்.

"ரத்தம் உண்டா?" என்றார் ஆத்ரியன்.

"இல்ல." அவன் ரொசேரைப் பார்க்காமல் அடுப்பருகே போனான். "பலகைக்குக் கீழ வேர்ல ஒரு ஓட்டை. புது மண்ணு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நாளைக்குத் திரும்பறப்ப வண்டிய நான் ஓட்டுறேன் அத்தான். சாவியக் குடுங்க."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

ஆத்ரியன் ஆணியை அறைந்து முடித்து நகர்ந்து நின்றார். ரொசேர் சுவரை நேராகப் பார்த்தார். அங்கே சாம்பல்தான் இருந்தது. அடுப்புப் பக்கம் பார்வையைத் திருப்பினார். ஓரத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு மெல்ல வந்து ஆடியது. மறுபடி நேராகப் பார்த்தார். போய்விட்டது. பைக்குள் அவர் விரல்கள் சாவியின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தன.