பீட்ரூட் மூடிகள் இறுகிய வருடம்

கிரேன் ஃபோர்க் பள்ளத்தாக்கில், சாப்பிட ஆள் இருக்கப்போவதில்லை என்றால் ஜாடியின் மூடி இறுகாது. கென்டக்கி மாநிலத்தின் மற்ற இடங்களில் எப்படியோ, இங்கே அப்படித்தான். இலையுதிர்காலம் வந்தால் தோட்டத்தைக் காலிசெய்து, காய்களைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் கொதிக்கவிட்டு, மேசையில் துண்டு விரித்து அடுக்குவார்கள். ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்று உள்வாங்கி இறுகும். அந்தச் சத்தம் ஓயும்வரை வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. விரலால் அழுத்திப் பார்த்து, மூடி மேலே எழும்பினால் அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் ஒரு வாய் குறையும். நிலக்கரிச் சுரங்கம் இடிந்த வருடம் ஓடைக்கு மேற்கே பல வீடுகளில் தக்காளி இறுகவில்லை. டவுனுக்குப் போய்ப் புது மூடி வாங்கிவந்து போட்டார்கள், அதுவும் இறுகவில்லை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு சுரங்க வேலைக்குப் போனார்கள். வேறு வேலை இருந்தால்தானே போகாமல் இருக்க.

ஹோபர்ட் ஸ்டாம்பர் அந்தச் சுரங்கத்திலிருந்து உயிரோடு வந்தவன். நுரையீரலில் பாதி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது, நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். தோட்டம், அடுப்பு, விறகு எல்லாவற்றையும் மனைவி ஆர்வெல்லாதான் பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் இருந்த ஒரே தீராத தகராறு பீட்ரூட். வினிகரில் பட்டை, கிராம்போடு ஊறிய பீட்ரூட் என்றால் அவளுக்கு உயிர், அவனுக்கோ அந்த வாடையே ஆகாது. "இதைப் போய் மனுசன் தின்பானா?" என்பான் வருடா வருடம். "நீ தின்னாட்டிப் போ கிழவா, எனக்கு மிச்சம்," என்பாள் அவளும் வருடா வருடம்.

அந்த வருடம் பீன்ஸ் இறுகியது, தக்காளி இறுகியது, சோளமும் ஆப்பிள் கூழும் இறுகின. பீட்ரூட்டில் ஒன்றுகூட இறுகவில்லை. பொழுது சாயும்வரை இருவரும் அந்த 'டிக்' சத்தத்துக்குக் காத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மூடி சரியில்ல போல," என்றாள் ஆர்வெல்லா கடைசியில்.

"ஆமா. கடைக்காரன் பழைய சரக்கத் தள்ளிவிட்டிருக்கான்," என்றான் ஹோபர்ட். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இறுகாத ஜாடிகளைப் பக்கத்து வீட்டு டெஸ்ஸி பார்த்துவிட்டாள். எந்தக் காய் என்று யார் கேட்டார்கள்? ஸ்டாம்பர் வீட்டில் இறுகவில்லை என்றால் அது ஹோபர்ட்டின் நெஞ்சுதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவனுக்கென்று சுட்ட ஆப்பிள் பலகாரம் வந்தது, கோழிச் சூப் வந்தது, போதகர் வந்து நெஞ்சில் கை வைத்து ஜெபம் செய்தார். "என் தக்காளியெல்லாம் நல்லா இறுகியிருக்குய்யா!" என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. கத்தினால் யாருடையது இறுகவில்லை என்பதையும் சொன்னதாகிவிடும். அதனால் வந்தவர்களுக்காக நன்றாக இருமிக் காட்டிவிட்டு, பலகாரத்தைத் தின்றான். ஆர்வெல்லா வழக்கம்போல அடுத்த கோடைக்கான பூண்டை நட்டு, மேலே வைக்கோல் பரப்பினாள். ஆனால் மாவு டப்பாவை மேல்தட்டிலிருந்து எடுத்து, அவன் எக்காமல் எட்டுகிற இடத்தில் வைத்தாள். அதை ஹோபர்ட் பார்த்துவிட்டான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதன்பிறகு ஒரு காலைச் சாப்பாட்டில் அவன் பீட்ரூட் கேட்டான்.

"உனக்கென்ன காய்ச்சலா?" என்றாள்.

"ஏன், எனக்குப் பிடிக்கக் கூடாதா? கொண்டா இங்க."

கண்ணில் நீர் முட்ட ஒரு கிண்ணம் தின்றான். மதியம் ஒரு கிண்ணம், இரவு ஒரு கிண்ணம். மறுநாளும் அப்படியே. பீட்ரூட் தின்ன இந்த வீட்டில் ஆள் உண்டு என்று ஜாடிகளை நம்பவைத்துவிட்டால் மூடி இறுகும், மூடி இறுகிவிட்டால் அவள் இருப்பாள். அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான். ஆர்வெல்லா மிச்சக் கிழங்குகளைத் தோண்டி வேகவைத்துத் தோல் உரித்தாள். விரலெல்லாம் சிவக்க ஜாடிகளை அடைத்துக் கொதிக்கவிட்டு எடுத்து வைத்தாள். அவன் அவற்றுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் காட்டி மென்றான்.

முதல் மூடி இறுகியது. பிறகு அடுத்தது. பிறகு சடசடவென்று எல்லாமே.

"பாத்தியா! பாத்தியாடி!" என்று எழுந்து குதித்தான் ஹோபர்ட். மூச்சு வாங்கி நாற்காலியிலேயே விழுந்தான்.

அவள் குதிக்கவில்லை. எல்லா மூடிகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெசமாவே பிடிச்சுப்போச்சா உனக்கு?"

"சத்தியமா."

"அப்ப சரி," என்று அவன் தலையைக் கோதினாள். "வெங்காயம் நறுக்கிப் போட்டுக்க. ருசியா இருக்கும்." ஜாடிகளைத் துடைத்து ஒவ்வொன்றாக நிலவறைக்கு எடுத்துப்போனாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்று ஹோபர்ட் நிம்மதியாகத் தூங்கினான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஆர்வெல்லா இறந்துபோனாள். விறகு எடுக்கப் போனவள் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதயம் என்றார் டாக்டர். பூமி உறைந்து கிடந்ததால் குழி வெட்டப் பாதி நாள் பிடித்தது.

அடக்கம் முடிந்த மாலை டெஸ்ஸி காலிக் கூடையோடு வந்தாள். ஹோபர்ட்டுக்குப் பீட்ரூட் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம்.

"அவ பீட்ரூட் ஜாடியெல்லாம் கண்ணுல பட்டுக்கிட்டே எதுக்குக் கெடக்கணும்? நான் எடுத்துட்டுப் போயிடறேன்," என்றாள்.

"வேணாம் டெஸ்ஸி," என்றான் ஹோபர்ட். ஒரு ஜாடியை மேலே எடுத்து வந்து மேசையில் வைத்திருந்தான். "மூடி இறுகியிருக்கு பாரு. தின்ன ஆள் இருக்கான்னுதான அது சொல்லிச்சு. அவ இருப்பான்னு எங்க சொல்லிச்சு? நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

இறுகிய மூடியோடு இங்கே யாரும் வாதாடுவதில்லை. டெஸ்ஸி அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஒரு வெங்காயத்தை உரித்து நறுக்கிக் கொடுத்துவிட்டு, காலிக் கூடையோடு வீட்டுக்குப் போனாள்.