இன்னொரு தடவை பாரு

துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்து, வந்த கையோடு மகளின் கண் பரிசோதனையை ஆரம்பித்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறாள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு லீவு வேண்டும். லீவு என்றாலே சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எழுத்து அட்டைதான் போனிலேயே கிடைக்கிறதே!

அதை அச்செடுத்து பீரோவில் ஒட்டியிருந்தாள். பத்தடி தள்ளி நிற்க வேண்டுமாம். அறையே அவ்வளவு நீளமில்லை. கட்டில் இடித்த இடத்தில் மகள் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கடைசி வரி படி."

"எஃப்..."

"இன்னொரு தடவை பாரு."

"அப்ப... பி?"

"அதான் தெரியுதே! அப்புறம் என்ன?"

இப்படியே எல்லா எழுத்தும் தேறின. கட்டிலில் படுத்திருந்த கணவன், "கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, டிவியைக் குறைச்சா சரியாயிடும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதன்பிறகு மாதாமாதம் சோதித்தாள். மாதாமாதம் மகள் பாஸ்.

மறு வருடம் மகள் மாடிப்படியில் தவறி விழுந்து, நெற்றியில் தையல் போட்ட பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பரிசோதிக்கும் பெண் இடது கண்ணை மறைத்ததும், பெரிய எழுத்திலேயே மகள் தடுமாறினாள். "எஃப்..." என்று சொல்லிவிட்டு, சட்டென்று திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சரியா தப்பா என்று அங்கே பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

"இன்னொரு தடவை பாரும்மா" என்று அம்மாவும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். சொன்னதும் அவளுக்கே சுருக்கென்றது.

பரிசோதித்த பெண் திட்டவில்லை. வீட்டிலேயே இப்படிச் சோதித்துவிட்டு வருகிற நாலு பேரைத் தினமும் பார்த்து அலுத்துப்போனவள். "வலது கண் ரொம்ப நாளாவே மங்கல்தாங்க. இடது கண்ணை வெச்சே சமாளிச்சிருக்கா. முன்னாடியே வந்திருந்தா கண்ணாடி போட்டு சரி பண்றது சுலபம். இப்பவும் வைத்தியம் பார்க்கலாம், முழுசா வருமான்னு சொல்ல முடியாது. வீட்ல பார்க்கிறது தப்பில்ல. அதுல பாஸாயிட்டா டாக்டரே வேணாம்னு நினைக்கிறதுதான் தப்பு."

அம்மா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நான் இவ கண்ணை சோதிக்கலங்க" என்றாள். "லீவு போடாம தப்பிக்க முடியுமான்னுதான் பார்த்தேன். நல்லாயிருக்குன்னு கேக்க ஆசைப்படுறவங்க சோதிச்சா, எல்லார் கண்ணும் நல்லாத்தான் இருக்கும்."